வெறுங்காலுடன் கிளாஸ்கோவுக்கு: மொஹமட் சலீமின் ஒரு பருவகாலம்

இறம்பொடையில் பின்னேரம் மழை இல்லையென்றால் பிள்ளைகள் பந்தடிப்பார்கள். மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மலையைக் கொஞ்சம் வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம் அது. ஒரு பக்கம் லயன், மறுபக்கம் தேயிலை, அதற்குக் கீழே பள்ளம். பந்து எல்லையைத் தாண்டி உருண்டால் ஒருவன் தேயிலைக்குள் இறங்கி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, பந்தோடு மேலே ஏறி வரவேண்டும். அதுவரைக்கும் ஆட்டம் நிற்கும். முக்கால்வாசிப் பேர் வெறுங்கால்தான். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகும் ஒரே சோடி சப்பாத்தைச் சேற்றில் கிழித்துக்கொண்டு வீட்டுக்குப் போக எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பழைய புகைப்படம் ஞாபகத்துக்கு வரும். 1936ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் எடுத்தது. பச்சையும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் போட்ட சட்டையோடு ஒரு இந்தியர் அமர்ந்திருக்கிறார். அவருடைய காலில் சப்பாத்து இல்லை. வயதில் மூத்த வெள்ளைக்காரர் ஒருவர் குனிந்து, அந்த வெறுங்காலுக்குத் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். அமர்ந்திருப்பவர் கல்கத்தாவைச் சேர்ந்த மொஹமட் சலீம். குனிந்திருப்பவர் செல்டிக் கழகத்தின் பயிற்றுநர் ஜிம்மி மக்மெனமி.

அது எந்தக் காலம் என்று யோசித்துப் பாருங்கள். அதே 1936இல் இந்த மலைகளில் துரை எதிரே வந்தால் குடையை மடக்க வேண்டும், பாதையை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தத் துரைமார்களில் கணிசமானோர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். லூல்கந்துரையில் 1867இல் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். தேயிலையைப் பொட்டலமாகக் கட்டி உலகமெல்லாம் விற்ற தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ என்றும் பெல்மோரல் என்றும், நானுஓயாவில் எடின்பரோ என்றும் எங்கள் ஆட்கள் இன்றைக்கும் முகவரி எழுதுவது அவர்கள் விட்டுப்போன பெயர்களில்தான். அந்தத் துரைமாரின் ஊரில், ஒரு வெறுங்கால்காரரின் காலடியில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் குனிந்து நின்றார். எப்படி நடந்தது அது?

சலீம் 1904இல் கல்கத்தாவின் மெட்டியாபுருஸ் பகுதியில், வசதி குறைந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். மெட்டியாபுருஸ் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இடம். அவத் இராச்சியத்தை ஆங்கிலேயர் 1856இல் பறித்த பிறகு அதன் கடைசி நவாப் வாஜித் அலி ஷா வந்து தங்கியது இங்கேதான். அரண்மனையை இழந்த ஒரு அரசரும், அவரைச் சுற்றி வந்த சமையற்காரர், தையற்காரர், பாட்டுக்காரர் எல்லோருமாகச் சேர்ந்து உருவாக்கிய குடியிருப்பு அது. பிஜிக்கும் டிரினிடாட்டுக்கும் சூரினாமுக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் புறப்பட்டதும் இந்த ஆற்றங்கரைப் பக்கத்துத் துறைகளிலிருந்துதான். மண்டபம் முகாமையும் தலைமன்னார்த் துறையையும் கதைகளில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஊரின் மணம் புதிதாக இராது.

சலீமுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, 1911 ஜூலை 29ஆம் திகதி, கல்கத்தாவையே உலுக்கிய ஒரு ஆட்டம் நடந்தது. ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில் மோகன் பகான் அணி, கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2க்கு 1 என்று வென்றது. இந்தியர் அணியில் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். எதிரில் நின்றவர்கள் சப்பாத்துப் போட்ட சிப்பாய்கள். துப்பாக்கியால் வெல்ல முடியாதவர்களைப் பந்தால் வெல்லலாம் என்ற எண்ணம் அன்று வங்காளத்துச் சிறுவர்களின் தலைக்குள் ஏறியது. சலீமும் அந்தச் சிறுவர்களில் ஒருவர்.

அவர் வளர்ந்து ஆட வந்த கல்கத்தாவில் வெறுங்கால் ஆட்டம் ஒரு தனிக் கலையாகவே இருந்தது. கணுக்காலைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். விரல்கள் வெளியே இருக்கும். சப்பாத்துக்குள் இருக்கும் கால் பந்தை அடிக்கத்தான் முடியும். வெறுங்காலோ பந்தைப் பிடித்துத் திருப்பும், நிறுத்தும், விரல் நுனியால் தட்டிவிடும். காய்ந்த தரையில் அந்தக் காலுக்கு முன்னால் ஐரோப்பியச் சிப்பாய்கள் திண்டாடினார்கள். மழை பெய்து தரை சேறானால் கதை மாறிவிடும். வழுக்கலில் சப்பாத்துக்காரன் நிற்பான், வெறுங்கால்காரன் விழுவான். கல்கத்தாவின் உதைபந்தாட்டக் காலமோ மழைக்காலம்.

சலீம் 1926இல் பவ்பசாரிலிருந்த சித்தரஞ்சன் கழகத்தில் தொடங்கி, பல கழகங்களுக்கு ஆடி, 1934இல் மொஹமடன் ஸ்போர்டிங் அணியில் நிலைத்தார். வலது ஓரத்தில் ஆடுபவர். அந்த ஆண்டே அந்தக் கழகம் கல்கத்தா லீக்கை வென்றது. 1898இல் தொடங்கிய அந்த லீக்கை ஒரு இந்தியக் கழகம் வென்றது அதுதான் முதற்தடவை. அதுவரைக்கும் அது படைப்பிரிவு அணிகளுக்கும் ஐரோப்பியர் கழகங்களுக்கும் உரிய கிண்ணமாக இருந்தது. மொஹமடன் ஸ்போர்டிங் ஒரு தடவையோடு நிற்கவில்லை. 1938 வரைக்கும் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. அந்த ஐந்து வெற்றிகளிலும் சலீமுக்குப் பங்குண்டு. நகரத்துக்கு வெளியேயிருந்தும் திறமைசாலிகளைத் தேடிக் கொண்டுவந்ததும், சேற்றுத் தரைக்குச் சப்பாத்துப் பழக்கியதும் அந்தக் கழகத்தின் புத்திசாலித்தனம்.

அந்த வெற்றிக்கு இன்னொரு முகமும் இருந்தது. வங்காள முஸ்லிம்கள் அதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். அலுவலகங்களிலும் படிப்பிலும் பின்னுக்கு நின்ற ஒரு சமூகம், மைதானத்தில் முன்னுக்கு வந்துவிட்டோம் என்று நிமிர்ந்தது. நல்லதுதான். ஆனால் ஒரு கழகம் ஒரு சமூகத்தின் கொடியாக மாறும்போது எதிர்த் தரப்பிலும் ஒரு கொடி உயரும். கல்கத்தாவில் அது பின்னர் எங்கே போய் நின்றது என்பது இந்தக் கதையில் பிறகு வரும்.

1936இல் சீன ஒலிம்பிக் அணி கல்கத்தாவுக்கு வந்தது. பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில், பயணச் செலவைத் தேடிக்கொள்வதற்காக ஆசிய நகரங்களில் ஆடிக்கொண்டு போன அணி அது. கல்கத்தாவில் அவர்களோடு இரண்டு ஆட்டங்கள் ஏற்பாடாகியிருந்தன. முதல் ஆட்டத்தில் சலீம் நன்றாக ஆடினார். இரண்டாவது ஆட்டத்துக்கு ஆளைக் காணவில்லை. ஏற்பாட்டாளர்கள் தேடித் திரிந்தார்கள். அவரோ கப்பலில் இருந்தார். பிரித்தானியாவில் வாழ்ந்த உறவினர் ஒருவர், அவருடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கால்களுக்கு இடம் ஐரோப்பாவில்தான் என்று சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். சலீமுக்கு அப்போது 32 வயது. உதைபந்தாட்டக்காரனுக்கு அது தொடங்கும் வயதல்ல, முடிக்கும் வயது. ஆங்கிலம் தெரியாது. கையில் ஒப்பந்தமோ அழைப்புக் கடிதமோ இல்லை. யாரோ ஒரு உறவினரின் பேச்சை நம்பிக் கடல் தாண்டுவது என்னவென்று இதை வாசிக்கும் பலருக்கு விளக்க வேண்டியதில்லை.

லண்டனில் சில நாட்கள் தங்கிவிட்டு இருவரும் கிளாஸ்கோவுக்குப் போனார்கள். அன்றைய கிளாஸ்கோ கப்பல் கட்டும் நகரம். அந்த வருடம்தான் குவீன் மேரி என்ற பெருங்கப்பல் கிளைட் ஆற்றுப் பட்டறையிலிருந்து வந்து முதற் பயணம் போயிருந்தது. பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் நொந்த தொழிலாளர்கள் மெல்லத் தலை தூக்கிக்கொண்டிருந்தார்கள். கல்கத்தாவும் கிளாஸ்கோவும் ஒன்றுக்கொன்று அந்நியமான ஊர்களுமல்ல. ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகளை நடத்தியவர்களில் பெரும்பாலானோர் ஸ்கொட்லாந்துக்காரர். கிளாஸ்கோ கம்பனிகளின் கப்பல்களில் நிலக்கரி அள்ளிப்போட்டவர்கள் லஸ்கர்கள் எனப்பட்ட இந்தியக் கூலிகள். அந்த நகரத்துத் தொழிலாளி குடித்த தேநீரும் எங்கள் மலைகளிலிருந்து போனது.

உறவினர் சலீமைக் கூட்டிக்கொண்டு போன கழகம் செல்டிக். எந்தக் கழகத்தின் கதவைத் தட்டியிருந்தாலும் இந்தக் கதை இப்படி நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். ஆகவே அந்தக் கழகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது. பத்து இலட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகமானோர் நாட்டை விட்டு ஓடினார்கள். கடலைக் கடந்தால் மிக அருகே கிடைத்த தொழில் நகரங்களில் ஒன்று கிளாஸ்கோ. அதே காலத்தில்தான் இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் எங்கள் முன்னோர் பஞ்சத்துக்குத் தப்பி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். வழியில் விழுந்தவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதிச் சேரிகளில் அடைந்த ஐரிஷ் மக்களுக்கும் வரவேற்பு இருக்கவில்லை. மதம் வேறு, பேச்சு வேறு, கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்ற பழி வேறு.

அந்தச் சேரிகளில் பள்ளிக்கூடம் நடத்திய வோல்ஃபிரிட் என்ற மாரிஸ்ட் சபைச் சகோதரர், பசியோடு வரும் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடப் பணம் தேடினார். அவரும் அயர்லாந்தின் ஸ்லைகோவிலிருந்து வந்தவர்தான். 1887 நவம்பரில் புனித மரியாள் ஆலய மண்டபத்தில் கூடி ஒரு உதைபந்தாட்டக் கழகத்தைத் தொடங்கினார்கள். வாசலில் கிடைக்கும் சில்லறை பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு. அதுதான் செல்டிக். 1888 மே 28ஆம் திகதி நடந்த அதன் முதலாவது ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் அணியை 5க்கு 2 என்று வென்றது. அன்று ஆடியவர்களில் ஒருவர் வில்லி மேலி. ஒரு ஐரிஷ் சிப்பாயின் மகன். 1897இல் அதே கழகத்தின் முகாமையாளராகி, 1940 வரைக்கும் அந்தக் கதிரையில் இருந்தார். கழகம் வளர வளரப் பிள்ளைகளின் சாப்பாட்டை வியாபாரம் பின்தள்ளிவிட்டது என்ற மனக்குறை பழைய ஆட்களிடம் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஐம்பது வருடம் போயும் அவர்களை வந்தேறிகளாகப் பார்க்கும் கண் மாறவில்லை. 1923இல் ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பொதுச்சபைக்கு ஒரு அறிக்கை வந்தது. ஐரிஷ் இனத்தவரால் ஸ்கொட்லாந்தின் தேசியத்துக்கு ஆபத்து என்பது அதன் சாரம். குடிவரவை நிறுத்த வேண்டும் என்று அது கேட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் அந்தப் பேச்சு இருந்தது. நாட்டின் செல்வத்தை உழைத்துக் கொடுத்துவிட்டு 1948இல் பிரஜாவுரிமையைப் பறிகொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்த அறிக்கையின் மொழி எங்களுக்கு நன்றாகப் பழகிய மொழி.

1936 ஓகஸ்டில் செல்டிக் நடப்புச் சம்பியன். பத்து வருடத்துக்குப் பிறகு லீக்கை வென்றிருந்தார்கள். முன்வரிசை ஆட்டக்காரர் ஜிம்மி மக்ரோரி அந்தப் பருவகாலத்தில் மட்டும் 50 லீக் கோல்கள் போட்டிருந்தார். அப்படிப்பட்ட கழகத்திடம் போய், இந்தியாவிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரர் கப்பலில் வந்திருக்கிறார், ஒரு தடவை பாருங்கள், ஆனால் அவர் வெறுங்காலோடுதான் ஆடுவார் என்று உறவினர் சொன்னாராம். மேலிக்குச் சிரிப்பு வந்ததாகச் சொல்வார்கள். இருந்தாலும் பார்க்கச் சம்மதித்தார். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் ஆணி வைத்த தோல் சப்பாத்தோடு மோதும் தரையில் வெறுங்காலை இறக்குவது விளையாட்டுக் காரியமில்லை. பார்த்தவர்கள் பரீட்சை போதும், ஆட்டத்தில் இறக்கிப் பார்க்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இங்கேதான் மக்மெனமி வருகிறார். அவர் சாதாரண உதவியாளரல்ல. 1905 முதல் 1910 வரை தொடர்ந்து ஆறு தடவை லீக்கை வென்ற செல்டிக் அணியின் மூளை என்று புகழ்பெற்றவர். நெப்போலியன் என்று பட்டப்பெயர். ஸ்கொட்லாந்து தேசிய அணிக்கும் ஆடியவர். ஆடுவதை விட்டபிறகு பயிற்றுநராகத் திரும்பி வந்து, இளையவர்களின் கால்களைத் தேய்த்து, கட்டி, ஆட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர்தான் சலீமின் பாதங்களுக்குக் கட்டுப் போட்டவர். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா என்று அங்கே யாரும் அவரை நிர்ப்பந்திக்கவில்லை. வந்தவரின் காலுக்கு ஏற்றபடி கட்டினார்கள்.

ஓகஸ்ட் 28ஆம் திகதி மாலை பார்க்ஹெட் மைதானத்தில் கோல்ஸ்டன் அணியோடு ஆட்டம். செல்டிக் 7க்கு 1 என்று வென்றது. மறுநாள் பத்திரிகை அந்த ஏழில் மூன்று கோல்கள் சலீமின் காலிலிருந்து பிறந்தவை என்று எழுதியது. பெருவிரலில் பந்தை நிறுத்தி, சின்ன விரல் வரைக்கும் உருட்டி, ஒற்றைக் காலில் துள்ளி எதிராளியைச் சுற்றிப்போய், நடுவில் நிற்பவருக்குத் தட்டிவிடுகிறார் என்று வர்ணித்தது. வித்தை காட்டுபவர் என்ற தோரணையில் தலைப்புப் போட்டது. அந்தச் சொல்லில் பாராட்டும் இருந்தது, இந்தியர் என்றால் பாம்பாட்டி என்ற பழைய நினைப்பும் இருந்தது. அன்று தண்டனை உதை ஒன்று கிடைத்தபோது அவரை அடிக்கச் சொன்னார்கள். வெட்கப்பட்டு மறுத்துவிட்டார். ஹமில்டன் அணியோடு நடந்த மற்ற ஆட்டத்தில் வெட்கம் விட்டிருக்க வேண்டும். தண்டனை உதையில் ஒரு கோல் போட்டார். அந்த ஆட்டமும் 5க்கு 1 என்று செல்டிக்குக்கே.

இந்த இடத்தில் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் சலீமைப் பற்றி வரும் பதிவுகள் சில அவரைச் செல்டிக்கின் பெரிய நட்சத்திரமாக்கிவிடுகின்றன. அவர் ஆடிய ஆட்டங்கள் இரண்டாம் அணிகளுக்கானவை. மக்ரோரியோடு சேர்ந்து முதலாம் பிரிவு லீக்கில் அவர் ஆடவில்லை. எங்கள் ஆள் ஒருவர் எங்கேயாவது சிறிதாக ஒன்றைச் செய்தால் அதைப் பத்து மடங்காக்கிச் சொல்லும் பழக்கம் எங்களுக்கும் உண்டு. சலீமுக்கு அந்த உதவி தேவையில்லை. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போய் ஒரு ஐரோப்பியக் கழகத்துக்காக ஆடிய முதலாமவர் என்று அறியப்படுபவர் அவர். இரண்டே ஆட்டங்கள், மொழி தெரியாத ஊர், வெறுங்கால். அது போதும்.

பிறகு அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

சில மாதங்களில் கிளாஸ்கோவில் இலையுதிர்ந்து இருட்டு சீக்கிரமாக விழத் தொடங்கும். பகலே நாலு மணியோடு முடிந்துவிடும் குளிர்காலம் அது. பேச ஒருவர், சாப்பாட்டுக்கு ஒரு வீடு, தொழுகைக்கு ஒரு கூட்டம் என்று எதுவுமே பழகியதாக இல்லாத ஊரில், உறவினரின் வாயால் மட்டும் பேசிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? கழகம் பருவகாலம் முடியும் வரைக்கும் இருக்கச் சொன்னது. அவர் கேட்கவில்லை. வரலாற்றாசிரியர் போரியா மஜும்தாரிடம் சலீமின் மகன் பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. அவரை நிறுத்திவைக்க ஒரு உதவி ஆட்டம் நடத்தி, வாசல் வசூலில் நூற்றுக்கு ஐந்து வீதத்தைத் தருவதாகச் சொன்னார்களாம். ஐந்து வீதம் என்றால் எவ்வளவு என்று சலீமுக்குத் தெரியாது. அன்று ஆட்டம் பார்க்க அழைக்கப்பட்டிருந்த அநாதைப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துவிடுங்கள் என்றாராம். தொகை தெரிந்த பிறகும் சொல்லை மாற்றவில்லை. பசித்த பிள்ளைகளின் சாப்பாட்டுக்காகத் தொடங்கிய கழகம் அது என்பது சலீமுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. ஜேர்மனியிலிருந்தும் ஒப்பந்த அழைப்பு வந்தது என்று குடும்பத்தில் சொல்வார்கள். அதையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார்.

அவர் விட்டுப்போன அந்தப் பருவகாலம் எப்படி முடிந்தது தெரியுமா? 1937 ஏப்ரல் 17ஆம் திகதி ஹம்டன் பார்க் மைதானத்தில் ஸ்கொட்லாந்து தேசிய அணி இங்கிலாந்தைச் சந்தித்தது. பார்க்க வந்தவர்கள் 149,415 பேர். இடைவேளையில் இங்கிலாந்து ஒரு கோலால் முன்னுக்கு நின்றது. பிறகு ஸ்கொட்லாந்து மூன்று கோல்கள் போட்டு 3க்கு 1 என்று வென்றது. முதற் கோலைப் போட்ட பிராங்க் ஓடொனல் முன்னாள் செல்டிக் ஆட்டக்காரர், ஐரிஷ் வழிப் பெயர். மற்ற இரண்டையும் போட்ட பொப் மக்பெயில் ரேஞ்சர்ஸ்காரர். நகரத்தின் வீதிகளில் சேராத இரண்டு தரப்பும் அந்தப் பிற்பகலில் ஒரே நீலச் சட்டையில் நின்றன. மைதானத்துக்கு வெளியே எதுவும் மாறிவிடவில்லை என்பது வேறு விடயம். ஒரு கிழமை கழித்து, ஏப்ரல் 24ஆம் திகதி, அதே மைதானத்தில் ஸ்கொட்லாந்துக் கிண்ண இறுதிப் போட்டி. செல்டிக்கும் அபர்டீனும். 146,433 பேர். கிரம் ஒரு கோல் போட, அபர்டீன் உடனேயே சமப்படுத்த, கடைசியில் புக்கானின் கோலில் செல்டிக் 2க்கு 1 என்று கிண்ணத்தை எடுத்தது. தேசிய அணிகளின் ஆட்டத்துக்கும் கழகங்களின் ஆட்டத்துக்கும் ஐரோப்பாவில் கூடிய மிகப் பெரிய கூட்டங்களாக இன்றைக்கும் நிற்பவை அந்த இரண்டு சனிக்கிழமைகள்தான். லீக் கிண்ணத்தை மட்டும் ரேஞ்சர்ஸ் திருப்பி எடுத்துக்கொண்டது.

இருந்திருந்தால் சலீமும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்று பார்த்திருப்பார். அவர் கல்கத்தாவில், கறுப்பும் வெள்ளையுமான மொஹமடன் சட்டையில் மறுபடியும் வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். 1937, 1938 லீக் கிண்ணங்கள் இரண்டும் அவர்களுக்கே கிடைத்தன. அவர் திரும்பியது தவறு என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. போகிறவர் எல்லோரும் தங்கிவிட வேண்டும் என்று சட்டமா? பாரிசிலும் சூரிச்சிலும் லண்டனிலும் முப்பது வருடம் இருந்துவிட்டு, இப்போது ஊரில் ஒரு கிணற்றடியை நினைத்துக்கொண்டிருக்கும் எத்தனையோ பேர் சலீமின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கலாம். வித்தியாசம் ஒன்றுதான். அவருக்குத் திரும்பிப்போக ஒரு ஊர் அப்போது இருந்தது.

அந்த ஊரும் பத்து வருடத்துக்குள் பற்றியெரிந்தது. 1946 ஓகஸ்ட் 16ஆம் திகதி கல்கத்தாவில் தொடங்கிய இந்து முஸ்லிம் கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். சலீமின் மெட்டியாபுருஸிலும் ஒரு துணி ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு இரத்தத்தில் மிதந்தது. ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த கூலிகளே அங்கே கூடுதலாகச் செத்தார்கள். 1983இல் மலையகத்து லயன்களும் எரிந்ததைக் கண்டவர்களுக்கு, அதற்கு முன்னரே 1977இல் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் மூட்டை முடிச்சோடு போய், அங்கே இன்னொரு யுத்தத்தில் அகப்பட்டவர்களுக்கு, இது புரியும். யாருடைய கொடியோ உயர்கிறது, செத்தவன் கூலிக்காரன். அடுத்த வருடம் நாடு இரண்டாகியது. கழகத்தைக் கொண்டாடிய பெருங்கூட்டத்தில் ஒரு பங்கு எல்லைக்கு அப்பால் போயிற்று. சலீம் அதன்பிறகு ஆட்டக்காரராகப் பேசப்படவில்லை.

வெறுங்கால் ஆட்டமும் அவருக்குப் பிறகு அதிக காலம் நிற்கவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி பிரான்சை எதிர்த்து ஆடியபோது பெரும்பாலானோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். 2க்கு 1 என்று தோற்றார்கள். கிடைத்த இரண்டு தண்டனை உதைகளும் வீணாகின. இந்தியாவின் அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியா 10க்கு 1 என்று அடித்த பிறகு சப்பாத்து கட்டாயமாயிற்று. அதற்குப்பின் வெறுங்கால் என்பது திறமையின் அடையாளமாக இல்லாமல், இல்லாமையின் அடையாளமாக மட்டும் ஆகிவிட்டது.

முதுமையில் சலீம் நோயாளியானார். அப்போது அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தகப்பனுக்குச் சுகமில்லை, வைத்தியச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று. பணம் கேட்பது அவருடைய நோக்கமல்ல. நாற்பது வருடத்துக்கு முன்னர் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுப் போன ஒருவரை அந்த ஊரில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று அறிய அவருக்கு வேறு வழி தெரியவில்லை. கல்கத்தாவிலேயே பலர் மறந்துவிட்டிருந்தார்கள்.

பதில் வந்தது. கடித உறைக்குள் 100 பவுண்டுக்கு ஒரு வங்கி உண்டியல் இருந்தது. சலீம் 1980இல் காலமானார். மகன் அந்த உண்டியலை வங்கியில் கொடுத்துப் பணமாக மாற்றவில்லை. பல வருடம் கழித்து மஜும்தார் போய்க் கேட்டபோதும் அது அவருடைய வீட்டில்தான் இருந்தது.